மகள் வரலாறு குரூப் எடுக்கணும் என்கிறாள், விடலாமா?

கேள்வி: கொருக்குப்பேட்டை வாசகர், ஜூன் 11

என் மகள் ஒன்பதாவது போகிறாள், ஆங்கில மீடியம். கணக்கு சுமார். சோசியலில் மட்டும் வகுப்பில் முதலிடம். பிளஸ் ஒன்னில் வரலாறு இருக்கிற குரூப்தான் எடுப்பேன் என்று இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. சோசியல் என்றால் வெறும் மனப்பாடம், அது சோறு போடுமா என்று அவள் மாமா கேட்கிறார். நான் ஹார்பரில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன், படிப்பு விவரம் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 11, இரவு

அண்ணா, குரூப் முடிவுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரை அவள் சோசியலை எப்படிப் படிக்கப் போகிறாள் என்பதுதான் இப்போதைய கேள்வி. நான் தண்டையார்பேட்டையில் எட்டாவதிலிருந்து பத்தாவது வரை டியூஷன் எடுக்கிறேன். மாமா சொல்வது போல மனப்பாடமாக மட்டும் படித்தால், வரலாறு குரூப்பில் சேர்ந்த ஆறே மாதத்தில் வெறுத்துவிடுவாள். புரிந்து படித்தால் எந்தக் குரூப்பில் சேர்ந்தாலும் அது கூடவே வரும்.

மனப்பாடம் என்ற பெயர் வந்ததற்குப் பாடம் காரணமில்லை, நாம் நடத்தும் விதம்தான் காரணம். புத்தகத்தை மூடிவிட்டு கைடைத் திறக்கிறோம். புக் பேக் ஒன் மார்க்கை ஒப்பிக்கச் சொல்கிறோம். "35 வந்தால் போதும், அந்த நேரத்தில் கணக்கு போடு" என்கிறோம். நான் படித்த பள்ளியில் பொங்கல் முடிந்தால் சோசியல் பீரியட் என்று ஒன்று இருக்காது, கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். இன்றும் என்னிடம் வரும் பிள்ளைகள் பலர் அதையேதான் சொல்கிறார்கள்.

ஜூன் 12

"வட சென்னைப் பிள்ளைக்கு முதல் உலகப் போர் எதற்கு?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு போட்டது நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மீது. ஒரு குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு ஹைகோர்ட் மதில் பக்கம் இருக்கிறது. பாரிமுனையில் பஸ் மாறுகிற பிள்ளை அதைத் தாண்டித்தான் போகிறது.

ஜூன் 14

இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். மாமாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஒன்பதாவது புவியியலில் கடல் அலை அரிப்பதும் மணலைப் படிய வைப்பதும் வருகிறது. கடல் ஓங்கல், அலை அரிமேடை, கடல் வளைவு, கடல் தூண் என்று பெயர்களை வரிசையாக நெட்டுரு போட்டு, படம் வரைந்து, மார்க் வாங்கிவிடுவார்கள். அதில் கடல் தூண் எதையும் நம் ஊரில் பார்க்க முடியாது. ஆனால் அரிப்பும் படிவும் நம் வாசலிலேயே நடக்கிறது.

போன வருடம் இந்தப் பாடம் எடுக்கும்போது புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு போர்டில் ஒரு நேர்கோடு போட்டேன். இது நம் கரை. வருடம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அம்புக்குறி போட்டேன். அப்புறம் நடுவில் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டி ஒரு சுவர் வரைந்தேன். இப்போது மணல் என்ன ஆகும்?

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. காசிமேட்டுப் பையன் ஒருவன், வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவன், எழுந்து வந்து என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினான். சுவருக்குத் தெற்கே புள்ளி புள்ளியாக வைத்து நிரப்பினான். "இங்க சேரும் மிஸ்." சுவருக்கு வடக்கே கோட்டை விரலால் அழித்து, உள்ளே தள்ளி வளைத்துப் போட்டான். "இங்க அறுக்கும்." அப்படியே நின்று போர்டைப் பார்த்தவன், "அதனாலதான் எங்க பக்கம் கல்லு கொட்டி வெச்சிருக்காங்களா?" என்றான்.

அதேதான். அந்தச் சுவர்தான் சென்னைத் துறைமுகம். 1870-களில் கட்ட ஆரம்பித்து, 1881 புயலில் உடைந்து, மறுபடி கட்டியது. அதன் கை கடலுக்குள் நீண்ட பிறகு தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கரை கரைந்தது. தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் போன கதை அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் இருக்கும். இன்று எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை ஓரம் நீளமாகக் கிடக்கும் கருங்கல் அந்தக் கணக்கைச் சரிக்கட்டப் போட்டதுதான். ஊரே மாலையில் காற்று வாங்கப் போகும் மெரினா மணலில் நமக்கு வர வேண்டிய பங்கு இருக்கிறது.

இந்த ஒரு படத்தில் புவியியல் இருக்கிறது. துறைமுகம் யாருக்காக, எந்தச் சரக்குக்காகக் கட்டப்பட்டது என்று கேட்டால் வரலாறு வருகிறது. நஷ்டம் யாருக்கு, லாபம் யாருக்கு என்றால் பொருளியல். கல் கொட்டச் சொல்லி யாரிடம் மனு கொடுப்பது என்றால் குடிமையியல். நான்கும் ஒரே புத்தகத்துக்குள் இருக்கின்றன. பாவம், நான்கு கைடாகத்தான் பிள்ளைகள் கைக்குப் போகிறது.

ஜூன் 15

சிவில் இன்ஜினியரிங் படித்த வாசகர் ஒருவர் ஒரு விளக்கம் தந்திருக்கிறார். வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் மணல் எதிர்த்திசையில், அதாவது தெற்கு நோக்கியும் போகும். தென்மேற்குக் காற்று மாதங்களில் வடக்கே போவது அதைவிட அதிகம். மொத்தத்தில் மிஞ்சுவது வடக்கு நோக்கிய நகர்வு. நேற்றைய குறிப்பில் "வருடம் முழுக்கக் கணக்குப் பார்த்தால்" என்று எழுதியதன் உள்ளே இருப்பது இதுதான். பருவக்காற்றுப் பாடம் எடுக்கும்போது இதையும் சேர்த்துச் சொன்னால், மழைப் பாடமும் மணல் பாடமும் ஒட்டிக்கொள்ளும். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வாடையும் கச்சானும் வீட்டில் புழங்கும் காற்றுப் பெயர்கள். அவர்களிடமிருந்து ஆரம்பித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஜூன் 15, மாலை

ராயபுரம் ஸ்டேஷனை "இந்தியாவின் முதல் ரயில் நிலையம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் அப்படியே எழுதி மார்க் இழந்துவிடக் கூடாது. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853-ல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடியது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது தென்னிந்தியாவின் முதல் ரயில், 1856 ஜூலை 1. அந்தப் பழைய பம்பாய் நிலையக் கட்டடம் இன்று இல்லை, நம்முடையது நிற்கிறது. பெருமைப்பட அதுவே போதும்.

ஜூன் 18

சோறு போடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். கேட்பது நியாயமான கேள்வி. வாடகை கட்டுகிற வீட்டில் அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

முதலில் எந்தக் கதவு மூடும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வரலாறு இருக்கிற குரூப் எடுத்தால் இன்ஜினியரிங் இல்லை, மருத்துவம் இல்லை, பி.எஸ்சி. நர்சிங் இல்லை. இதை இப்போதே அவளிடம் உடைத்துச் சொல்லுங்கள். பின்னால் வருந்துவது அவள்தான்.

திறந்திருப்பவை: ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு பிளஸ் டூவில் எந்தக் குரூப்பாக இருந்தாலும் சரி. பி.ஏ. வரலாறும் பி.எட்.டும் முடித்தால் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர் வேலைக்குப் போட்டி போடலாம். டி.என்.பி.எஸ்.சி. என்ற அரசு வேலைத் தேர்வுகளுக்குத் தயாராகிறவர்கள் எல்லாரும் பழைய பேப்பர் கடையில் தேடி வாங்குவது ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் உள்ள இதே சமச்சீர் சோசியல் புத்தகங்களைத்தான். அதில் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாவது தேர்ச்சியே தகுதி. 200 கேள்வியில் 100 தமிழ், மீதி 100 பொது அறிவும் திறனறிவும். அந்தப் பொது அறிவில் வரலாறும் அரசியலமைப்பும் தமிழ்நாட்டு நிர்வாகமும்தான் நிறைய. பட்டம் வாங்கிவிட்டு முப்பது வயதில் எட்டாவது புத்தகத்தைத் திறந்து முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கும் இளைஞர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பதினான்கு வயதில் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு அந்தச் சிரமம் இல்லை.

ஆனால் அந்தத் தேர்வுகளை எழுதுவது லட்சக்கணக்கான பேர். வரலாறு எடுத்தால் அரசு வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இடைவழி ஒன்று இருக்கிறது. வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் நான்கும் சேர்ந்த குரூப். அதை எடுத்தால் பி.காம். கதவும் திறந்தே இருக்கும், வரலாறும் கையில் இருக்கும். சிக்கல் என்னவென்றால், நம் பக்கத்து மெட்ரிக் பள்ளிகள் பலவற்றில் அந்தக் குரூப்பில் வரலாற்றை எடுத்துவிட்டு கணினிப் பயன்பாடு வைத்திருக்கிறார்கள். அவள் படிக்கும் பள்ளியில் என்ன இருக்கிறது என்று இந்த வருடமே ஆபீசில் கேட்டு வையுங்கள். இல்லையென்றால் பக்கத்து அரசுப் பள்ளிகளையும் மாநகராட்சிப் பள்ளிகளையும் விசாரியுங்கள்.

ஜூன் 18, பின்னிரவு

இன்னொன்று. கணக்கில் தட்டுத் தடுமாறும் பிள்ளையை "பர்ஸ்ட் குரூப்தான் மரியாதை" என்று தள்ளிவிட்டு, பதினொன்றாவதில் அந்தப் பிள்ளை பள்ளிக்கே போகாமல் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். நல்ல புத்திசாலிப் பெண். வரலாறு கேட்டவள். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஜூன் 21

"கதை சொல்லிக்கொண்டிருந்தால் போர்ஷன் எப்போது முடிப்பது?" இது ஒரு பள்ளி ஆசிரியர் கேட்டது. அவருடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. பத்தாவது சோசியல் புத்தகம் கனமானது. உலகப் போரிலிருந்து வரி வரைக்கும் போகிறது. எல்லாப் பாடத்துக்கும் தெருவுக்குப் போக முடியாது. நான் ஒரு பருவத்துக்கு ஒன்றிரண்டு பாடத்தை மட்டும் அப்படி எடுக்கிறேன், மற்றவற்றை வேகமாக முடிக்கிறேன். அந்த ஒன்றிரண்டில் கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை மற்றப் பாடங்களிலும் தானாகவே கேட்கிறது.

உதாரணத்துக்கு, பத்தாவது வரலாற்றில் தொழிலாளர் இயக்கம் கொஞ்ச இடத்தில்தான் வருகிறது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம், பி.பி. வாடியா, திரு.வி.க. அப்புறம் 1923 மே 1, சிங்காரவேலர் நடத்திய மே தினம். பிள்ளைகளுக்கு இது நான்கு பெயரும் இரண்டு வருடமும். அந்தச் சங்கம் எழுந்ததே பெரம்பூர் பக்கம் இருந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளிகளால், நாம் பின்னி மில் என்று சொல்வோமே அதுதான் என்றேன். உடனே ஒரு பெண் "எங்க தாத்தா அங்கதான் மிஸ் வேலை பார்த்தார்" என்றாள்.

தாத்தாவிடம் கேட்டு வா என்று அனுப்பினேன். அடுத்த வாரம் ஒரு பழைய மாத்திரைப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதில் தாத்தாவின் மில் பித்தளை வில்லையைக் கொண்டுவந்தாள். ஒரு ஓரம் தேய்ந்து மழுங்கியிருந்தது, எண் மட்டும் தெளிவாக இருந்தது, மேலே கயிறு கோக்க ஒரு துளை. கையிலிருந்து கைக்குப் போய், வகுப்பு முழுக்கச் சுற்றி வந்தது. தாத்தா சொன்னதை நோட்டில் எழுதியிருந்தாள்: "சங்கு அடங்குறதுக்குள்ள கேட்டுக்குள்ள இருக்கணும். இல்லன்னா அன்னைக்குக் கூலி போச்சு." 1996-ல் மில் மூடிய பிறகு அவர் வாட்ச்மேன் வேலைக்குப் போனாராம். சங்கம் எதற்கு என்று அதற்கப்புறம் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1921 வேலைநிறுத்தத்தையும், அப்போது தொழிலாளர்களே சாதியால் பிளவுபட்டு, புளியந்தோப்பில் கலவரமாகி, குடிசைகள் எரிந்ததையும் நான் சொன்னபோது அமைதியாகக் கேட்டார்கள். ஏன் பிளந்தது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி எந்தக் கைடிலும் இல்லை.

ஜூன் 22

மேலே உள்ளதற்கு ஒரு எச்சரிக்கை. தேர்வுத் தாளில் தாத்தாவின் கதையை முழுக்க எழுதினால் மார்க் வராது. திருத்துகிறவர் பாயின்ட் தேடுவார். துணைத்தலைப்பு, வருடம், பெயர், அடிக்கோடு, இதெல்லாம் வேண்டும். நான் சொல்வது: பாயின்டுகளைப் புத்தகப்படி எழுது, நேரம் இருந்தால் கடைசியில் உன் வரி ஒன்று. புரிந்த பாடத்துக்குப் பாயின்டும் சுலபமாக நினைவுக்கு வருகிறது. அந்தப் பெண் 1918-ஐ இனி மறக்க மாட்டாள்.

ஜூன் 24

ஆங்கில மீடியம் என்று எழுதியிருந்தீர்கள். தமிழ் மீடியம் சோசியல் புத்தகத்தையும் வாங்கிக் கொடுங்கள், அல்லது பாடநூல் கழகத்தின் பிடிஎப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதலில் தமிழில் ஒருமுறை வாசிக்கட்டும், அப்புறம் ஆங்கிலத்தில் படிக்கட்டும். இன்னொரு லாபமும் உண்டு. தமிழில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் படிக்கலாம்.

ஜூன் 27

உணவுப் பாதுகாப்புப் பாடம் சலிப்பு என்று ஒரு பத்தாம் வகுப்பு மாணவரே எழுதியிருக்கிறார். தம்பி, ஸ்டான்லியை உன் பாட்டி கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதானே சொல்வார்? அது ஏன் என்று கேட்டிருக்கிறாயா? 1782-ல் பஞ்சத்தில் பட்டினியாக வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற அங்கே ஆரம்பித்த மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அது. அங்கிருந்து பழைய வண்ணாரப்பேட்டைக்கு நட. தியாகராயா கல்லூரி யார் பெயரில் இருக்கிறது? பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்த 1920-ல்தான் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுத்துப் பார்த்தார்கள். இன்று உன் தங்கைக்குப் பள்ளியில் காலை உணவும் கிடைக்கிறது, வீட்டுக்கு ரேஷன் அரிசி வருகிறது. பஞ்சத்தில் ஊற்றிய கஞ்சி தர்மம். ரேஷன் அட்டை உரிமை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி வந்தோம் என்பதுதான் அந்தப் பாடம். எனக்கு அதைவிட முக்கியமான பாடம் அந்தப் புத்தகத்தில் இல்லை.

ஜூன் 29

முந்தைய குறிப்பில் ஆயிரம் விளக்கு நம் பகுதி இல்லையே என்று கேட்டவருக்கு: இல்லைதான். ஆனால் தியாகராயர் வண்ணாரப்பேட்டைக்காரர். வள்ளலாரும் ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வாழ்ந்தவர், கந்தகோட்டத்திலும் ஒற்றியூரிலும் பாடியவர். பத்தாவது சமூக, சமயச் சீர்திருத்தப் பாடத்தில் அவர் வருகிறார், பிள்ளைகள் வடலூரை மட்டும் எழுதுகிறார்கள். பெரிய விஷயமெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம், தென் சென்னையில்தான் நடந்தது என்று நம் பிள்ளைகள் நினைத்து வளர்வது எனக்குத் தாங்கவில்லை.

ஜூலை 1

கேள்வி கேட்ட அண்ணா மறுபடி எழுதியிருக்கிறார், மகள் இந்த இழையைப் படித்துவிட்டு "உங்க வேலையப் பத்தி எழுதணும்" என்கிறாளாம், தனக்கு என்ன தெரியும் என்கிறார்.

உங்களுக்குத்தான் தெரியும். பத்தாவதில் உலகமயமாதலும் வணிகமும் என்று ஒரு பாடம் வரப்போகிறது. ஹார்பர் ஜீரோ கேட்டில் வண்டி ஏன் வரிசையில் நிற்கிறது, பெட்டிக்குள் என்ன போகிறது, என்ன வருகிறது, எந்த ஊர் தொழிற்சாலையிலிருந்து ஏற்றுகிறீர்கள், காத்திருக்கும் நேரத்துக்கு யார் காசு தருகிறார்கள்? இதை அவள் கேட்கட்டும். நிலக்கரியைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். முன்பெல்லாம் ராயபுரத்தில் காயப்போட்ட துணியில் கரி படியும். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நிலக்கரியும் இரும்புத் தாதும் சென்னைத் துறைமுகத்தில் நின்று எண்ணூருக்குப் போயின. நம் துணி வெளுத்தது. எண்ணூர்க்காரர்களுக்கு அனல் மின் நிலையச் சாம்பலோடு அதுவும் சேர்ந்தது. ஒரு தீர்ப்பு ஓரிடத்துத் தூசியை எங்கே கொண்டுபோய் வைத்தது என்று பதினான்கு வயதில் ஒரு பெண் யோசித்தால், அவள் எந்தக் குரூப் எடுத்தாலும் எனக்குக் கவலையில்லை. அவள் வரலாறே எடுத்தால் சந்தோஷப்படுவேன்.

ஜூலை 2

மேப் எப்படிப் பழக்குவது என்று மூன்று பெற்றோர் கேட்டிருப்பதால்: கடையில் விற்கும் அவுட்லைன் மேப் ஒரு கட்டு வாங்கி வையுங்கள். ஊர்களை முதலில் குறிக்கச் சொல்லாதீர்கள், இடம் தவறும். நீலப் பென்சிலால் ஆறுகள், பழுப்பில் மலைகள், அப்புறம் ஊர்கள். ஆறு இருக்கும் இடம் தெரிந்தால் ஊர் இருக்கும் இடம் தானாக வரும். தமிழ்நாடு மேப்பில் கொசஸ்தலை ஆற்றையும் பழவேற்காடு ஏரியையும் தினமும் போடச் சொல்லுங்கள். மண் வகைக்குச் சாய்கோடு போதும், கலர் அடித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.